முத்து வெறி

மீற்றர் பார்க்கிறவனுக்கு எல்லா வீட்டிலும் வழியுண்டு.
நாய் குரைத்து முடியும்வரை நின்று
அலகைக் குறித்துக்கொண்டு, பிறகு கேட்பேன்:
"தையல் மெசின் லாச்சியில் பழைய லேஸ், தெறி,
பிரிக்காத பக்கற் ஏதும் கிடக்குமா?"
முதலில் களவென்று நினைப்பார்கள்.
பிறகு விசரென்று.
விசருக்குத் தேத்தண்ணி கிடைக்கும்.

உவர்மலையில் நீல மட்டையில் சுற்றிய வலை லேஸ்.
குத்தியிருந்த குண்டூசி கறள்கட்டி
ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி.
அதைக் கழுவக்கூடாது.
திருக்கடலூரில் வளைநெளி நாடா, சிவப்பு, மூன்று யார்;
கண்ணாடித்தாள் நொறுங்கும் சத்தம்
கருவாடு பொரியும் சத்தத்துக்குக் கிட்ட.
ஜமாலியாவில் உம்மு றஸீனா தந்த அட்டையில்
கொக்கி பன்னிரண்டு, வளையம் பதினொன்று.
அந்த ஒரு வளையம் எங்கே போயிருக்கும் என்று
மூன்று பில் காலமாய் யோசிக்கிறேன்.

எனக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது.
எனக்கு வேண்டியது
அட்டையின் பின்பக்கத்து விலை:
அறுபத்தைந்து சதம், ஊதா மை;
அதை வெட்டி எழுபத்தைந்து, பென்சில்;
அதையும் வெட்டி ஒரு ரூபா.
யாரோ ஒரு கடைக்காரர் மூன்று தரம் விட்ட பெருமூச்சு
இன்னும் ஆறாமல் இருக்கிறது.

பாலையூற்று மிசிஸ் பல்தசார்
கலியாணக் கவுண் தைக்கிறவ.
அவவிடம்தான் அது இருந்தது.
மட்டையில் மூன்று மொழி.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில், முத்துத் தெறி என்று வரவேண்டிய இடத்தில்
முத்து வெறி, ஆறு.
அச்சுக் கோர்த்தவனின் விரல் அறை தவறி
'த' இருக்க வேண்டிய இடத்தில்
'வ' வந்து குந்திவிட்டது.

"மட்டை உனக்கு, தெறி எனக்கு" என்றா.
"அறுத்தால் அது வெறும் மட்டை" என்றேன்.
"அறுக்காட்டி இது வெறும் தெறி."
ஆயிரத்து எண்ணூறு. ஒரு சதம் குறைக்கவில்லை.
"உனக்கு அலுத்தால் தெறி என்னட்டத் திரும்பி வரவேணும்."
கத்தரிக்கோலைக் காட்டித்தான் சொன்னா.

கோட்டை வாசலடியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நிற்கிறேன்,
மோட்டார்சைக்கிள் பைக்குள் மானின் தலை.
திருகோணமலை மான் புல்லுக்குக் காத்திருக்காது.
சீமெந்துப் பை, சுவரொட்டி, லொத்தர்ச் சீட்டு,
மூன்று மொழியும் அதற்கு ஒரே ருசி.
நான் ஓடிச் சேர முன்னம்
'முத்து' போய்விட்டது.
'வெறி' வாயோரத்தில் கொஞ்சநேரம் தெரிந்தது.
பிறகு அதுவும்
தாடையின் பக்கவாட்டு ஆட்டத்துக்குள்.

தெறிகளை ஒவ்வொன்றாய்த் துப்பியது,
நூலோடு, நுரையோடு.
ஐந்து.
ஆறாவதைத் துப்பும் என்று
மதிலோரமாய் அதன் பின்னால் நடந்தேன்.
காவலுக்கு நின்ற ஆமிக்காரன் "மொகத மல்லி?" என்றான்.
என்னவென்று சொல்வது?
சிங்களத்தில் சொன்னால் பிழை திருந்திவிடும்.

மிசிஸ் பல்தசார் ஐந்தையும் ஸ்பிரிற்றில் கழுவினா.
"ஆறாவது?"
"மானிட்ட."
மெசின் நின்றது. பிறகு ஓடியது.
கவுணின் முதுகில் ஐந்து முத்து இறங்கி
ஆறாவது இடம் திறந்து கிடந்தது.
"உன்னட்டத்தான் ஒரு கொக்கி மிச்சம் இருக்கே,
கொண்டா. வளையத்தை நான் நூலில கட்டுறன்."

வீட்டுக்கு வந்து ஜமாலியா அட்டையை எடுத்தேன்.
ஒன்றை அறுத்தால்
கொக்கி பதினொன்று, வளையம் பதினொன்று.
எல்லாம் சரியாகிவிடும்.
சரியாகிவிட்டால் பிறகு அதில் என்னத்தைப் பார்ப்பது?

கொடுக்கவில்லை.
அந்த மணமகள் சேப்டிப் பின்னோடு
கோயிலுக்குள் நடந்தாள் என்று கேள்வி.

இப்போதும் கோட்டைப் பக்கம் மீற்றர் பார்க்கப் போனால்
மான் நின்ற இடங்களில்
ஒரு குச்சியோடு குந்தியிருப்பேன்.
வெள்ளையாய் ஏதும் மினுங்கினால்
கிளறிப் பார்ப்பேன்.
வீட்டில் இதைச் சொல்லவில்லை.